கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்புகளை அலுவலக மின்னஞ்சலில் அனுமதிக்கலாமா?

கேள்வி (பாளையங்கோட்டை):
ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கிறேன். அம்பாசமுத்திரம் அரிசி ஆலைகளும் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிகளும் ஜி.எஸ்.டி. தாக்கலுக்கான பில்களை ஜிப் செய்து அனுப்புவது வழக்கம். சென்ற வாரம் 'ஜி.எஸ்.டி. நோட்டீஸ்' என்ற தலைப்பில் வந்த அஞ்சலில் பூட்டிய ஜிப் ஒன்றும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் சேர்ந்தே இருந்தன. ஆன்டிவைரஸ் எதுவும் சொல்லவில்லை. ஜிப் முழுவதையும் தடுத்தால் இருபதாம் தேதி நெருங்கும்போது வேலை நின்றுவிடும். என்ன செய்யலாம்?

பதில் 1:
பூட்டிய ஜிப்பின் உள்ளடக்கம் மறையாக்கப்பட்டிருப்பதால், மின்னஞ்சல் வடிகட்டியால் அதைப் படிக்க இயலாது. எமோடெட் என்ற தீநிரலைப் பரப்பிய கும்பல் இந்த வழியைத்தான் பயன்படுத்தியது. சாதாரண ஜிப்பை அனுமதியுங்கள். பூட்டியதை அழிக்காமல் நிறுத்திவைத்து, அனுப்பியவரை உங்களிடம் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்துக் கேட்ட பிறகே விடுவியுங்கள். அஞ்சலில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். இ.எக்ஸ்.இ., ஜே.எஸ்., வி.பி.எஸ்., எச்.டி.ஏ., ஐ.எஸ்.ஓ. ஆகிய, நிரலை இயக்கும் அல்லது உள்ளே சுமந்துவரும் கோப்பு வகைகள் தணிக்கை அலுவலகத்துக்கு எதற்கு? ஜிப்புக்குள் இருந்தாலும் அவற்றைத் தடுத்துவிடுங்கள்.

பதில் 2 (தென்காசி):
வடிகட்டியைத் தாண்டி ஒன்றிரண்டு வரத்தான் செய்யும், அண்ணாச்சி. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை (பெயரின் கடைசியில் கோப்பு வகையைக் காட்டும் எழுத்துகளை) இயல்பாகவே மறைப்பதால், 'பில்.பி.டி.எஃப்.இ.எக்ஸ்.இ.' என்பது 'பில்.பி.டி.எஃப்.' என்று மட்டுமே தெரியும். 2000-இல் ஐலவ்யூ புழு பரவியதும் இப்படி டி.எக்ஸ்.டி. வேடமிட்ட வி.பி.எஸ். கோப்பாகத்தான். பின்னொட்டு தெரியும்படி மாற்றுங்கள். ஜே.எஸ்., வி.பி.எஸ்., எச்.டி.ஏ. மூன்றும் நோட்பேடில் திறக்கும்படி அமைத்துவிட்டால், அவசரத்தில் யாராவது இருமுறை சொடுக்கினாலும் வெறும் எழுத்துகள்தான் வரும். எல்லாரும் கவனமாக இருப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இணையத்திலிருந்து வந்த ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலை) மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. ஆனால் அது 'இணையத்திலிருந்து வந்தது' என்று காட்ட கோப்போடு ஒட்டிவரும் ஒரு குறியை நம்பியிருக்கிறது. எஃப்.ஏ.டி.32 என்ற பழைய சேமிப்பு வடிவத்தில் உள்ள பென் டிரைவில் நகலெடுத்தால் அந்தக் குறி போய்விடும். ஜிப்பைப் பிரிக்கும் செவன்-ஜிப் மென்பொருளில் பிரித்தாலும், அதற்கான அமைப்பை நாமே இயக்காவிட்டால், போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பென் டிரைவ் விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை; எங்கள் அலுவலகத்தில் முன்மேசையில் இறக்கிய கோப்பை உள்ளறைக்குக் கொண்டுபோவதே பென் டிரைவில்தான். தெரியாமல் யாராவது திறந்துவிட்டால்?

பதில் 1:
முதலில் அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். வைஃபை இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அழிக்கவோ ஃபார்மேட் செய்யவோ அவசரப்பட வேண்டாம், தடயம் போய்விடும். அந்தக் கணினியில் பயன்படுத்திய கடவுச்சொற்களை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு, குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

பதில் 2:
பென் டிரைவுக்குப் பதில் உள்வலையில் ஒரு பொதுக் கோப்புறை போதும். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். சேமிப்பு வடிவத்தில் உள்ள வட்டாக இருக்கட்டும், குறி தங்கும்.