விண்டோஸ் 11 மடிக்கணினியில் தரகரின் டிரேடிங் மென்பொருள் நிலையாக இயங்கவில்லை

அம்பை அரிசிக்கடை:

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் கூட்டமில்லாத நேரங்களில் தேசியப் பங்குச் சந்தையில் சிறிய அளவில் வணிகமும் உண்டு. விண்டோஸ் 7 இருந்த பழைய கணினியில் என் தரகரின் டிரேடிங் டெர்மினல் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடியது. அது பழுதானதால் விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி வாங்கினேன். கிளை ஊழியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே மென்பொருளை நிறுவியபோது, நிரல்கள் இயங்கத் தேவையான மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 3.5 என்ற துணைத் தொகுப்பு வேண்டும் என்று முதலில் கேட்டது. அதைப் பதிவிறக்கச் சொன்னால், மூலக் கோப்புகளைக் கண்டறிய இயலவில்லை என்று '081எஃப்' என முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது.

கணினி வாங்கிய கடையில் ஒரு தம்பி எப்படியோ டாட்நெட்டை ஏற்றிக் கொடுத்தார். அதன் பிறகு எம்எஸ்விசிஆர்100 என்ற டிஎல்எல் கோப்பு (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்பு) இல்லை என்றது. அவர் ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் எடுத்து விண்டோஸ் கோப்புறையில் போட்டார். இப்போது '7பி' என முடியும் வேறொரு பிழை வருகிறது. சில வேளை திறக்கிறது, சில வேளை திறப்பதில்லை. திறக்கும் நாட்களிலும் நான் அடுக்கி வைத்த மார்க்கெட் வாட்ச் (கவனிக்கும் பங்குகளின் விலைப் பட்டியல்) மறுநாள் காணாமல் போகிறது; காலையில் கான்ட்ராக்ட் கோப்பு (வணிகமாகும் பங்குகள், ஒப்பந்தங்களின் அன்றாடப் பட்டியல்) இறங்கும் இடத்தில் அப்படியே நிற்கிறது. அதே இணைப்பில் உலாவி வழியாகத் தரகரின் இணையதளம் நன்றாகவே வேலை செய்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்க வேண்டும்?

பாளை கணினிப் பழுது:

அண்ணாச்சி, முதலில் அந்த டிஎல்எல் கோப்பை நீக்கிவிடுங்கள். முகம் தெரியாத தளத்திலிருந்து தனி டிஎல்எல் எடுத்து வைப்பது எங்கள் தொழிலில் மிகப் பரவலாக நடக்கும் தவறு. அதில் தீநிரல் இருக்கலாம் என்பது ஒரு பக்கம், பிட் பொருந்தாமல் போவது மறுபக்கம். '7பி' பிழை பெரும்பாலும் அந்தப் பொருத்தமின்மையைத்தான் குறிக்கிறது. உங்கள் விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் பழைய டெர்மினல்கள் 32 பிட் நிரல்களே. அவற்றுக்கு 64 பிட் டிஎல்எல் கிடைத்தால் திறக்க மறுக்கும். விண்டோஸில் 'சிஸ்டம்32' கோப்புறையில் 64 பிட் கோப்புகளும், 'சிஸ்வாவ்64' கோப்புறையில் 32 பிட் கோப்புகளும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து நம்பினால் யாரும் தவறான இடத்தில்தான் போடுவார்கள். எனவே கையால் எதையும் வைக்காமல், மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து விஷுவல் சி++ 2010 மறுவிநியோகத் தொகுப்பின் எக்ஸ்86 (32 பிட்) வடிவத்தை நிறுவுங்கள்.

டாட்நெட் விஷயத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 7இல் டாட்நெட் 3.5 உடனேயே இருந்ததால்தான் பழைய கணினியில் உங்களுக்கு இந்தத் தொல்லை தெரியவில்லை. இப்போதைய விண்டோஸில் 4.8 இருக்கிறதே என்று கேட்கலாம்; 2.0, 3.0, 3.5 ஆகியவற்றுக்காக எழுதப்பட்ட நிரல்கள் வேறொரு இயக்க அடுக்கை எதிர்பார்ப்பதால், 4.8 இருப்பது மட்டும் அவற்றுக்குப் போதாது. டேட்டா செலவாகக் கூடாது என்று விற்கும்போதே விண்டோஸ் அப்டேட்டை முடக்கிக் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கடைகளில் உண்டு. டாட்நெட் 3.5 அந்த வழியாகத்தான் இறங்க வேண்டும் என்பதால், அப்டேட்டை மீண்டும் இயக்கிவிட்டு, விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் ஏறிவிடும். அப்போதும் '081எஃப்' வந்தால், உங்கள் கணினியில் உள்ள அதே பதிப்பின் விண்டோஸ் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் பிரதி) இறக்கி, அதன் 'சோர்சஸ்' கோப்புறைக்குள் இருக்கும் 'எஸ்எக்ஸ்எஸ்' கோப்புறையிலிருந்து 'டிஸ்ம்' கட்டளை மூலம் ஏற்ற வேண்டும். பதிப்பு மாறினால் ஏறாது.

மார்க்கெட் வாட்ச் மறைவதற்கு, மென்பொருளை எப்போதும் 'நிர்வாகியாக இயக்கு' என்று திறந்து பாருங்கள்.

தென்காசி சாரல்:

முந்தைய பதிலில் கடைசி வரியைத் தவிர அனைத்தையும் ஏற்கிறேன். சில நாள் அப்படி நிர்வாகியாகத் திறப்பதுதான், என் கணிப்பில், அண்ணாச்சியின் சிக்கலுக்கே காரணம். 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் சாதாரணப் பயனர் எழுத முடியாது. பழைய 32 பிட் நிரல் அங்கே எதையாவது சேமிக்க முயன்றால், பிழை காட்டாமல், பயனரின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் இருக்கும் 'விர்ச்சுவல்ஸ்டோர்' என்ற இடத்துக்கு விண்டோஸ் அதைத் திருப்பிவிடும். நிர்வாகியாகத் திறந்தாலோ நேராக உண்மையான இடத்தில் எழுதப்படும். ஆக ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் திறப்பவருக்கு மார்க்கெட் வாட்ச், கான்ட்ராக்ட் கோப்பு எல்லாமே இரண்டு பிரதிகளாகிவிடும். இன்று வைத்தது நாளை தெரியாததன் மர்மம் இவ்வளவுதான்.

இதில் மார்க்கெட் வாட்சைவிடக் கான்ட்ராக்ட் கோப்புதான் ஆபத்தானது. குறித்த நாளில் முடியும் ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள் பார்ப்பவராக இருந்தால், பழைய பிரதியில் காலாவதியான ஒப்பந்தங்கள் அப்படியே நிற்கும். புதியவை தேடினாலும் வராது. 2025 செப்டம்பரிலிருந்து தேசியப் பங்குச் சந்தையில் காலாவதி நாள் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியிருப்பதால், பட்டியலில் வரும் தேதியைப் பார்த்தாலே கோப்பு புதியதா பழையதா என்பது ஓரளவு புரிந்துவிடும்.

ஆகவே மென்பொருளை முழுவதும் நீக்கி, விர்ச்சுவல்ஸ்டோரில் மிஞ்சியிருப்பதையும் அழித்துவிட்டு, சி டிரைவில் நேரடியாக ஒரு தனிக் கோப்புறை உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள். பிறகு எப்போதும் சாதாரண முறையில் மட்டும் திறங்கள். பணம் புழங்கும் ஒரு நிரலுக்கு நாள்தோறும் நிர்வாகி உரிமை கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். தரகரின் தளத்திலிருந்தே இறக்கி, கோப்பின் பண்புகளில் 'டிஜிட்டல் கையொப்பங்கள்' என்ற பகுதி இருக்கிறதா, அதில் உள்ள நிறுவனத்தின் பெயர் சரியா என்று பார்த்த பிறகே திறக்க வேண்டும்.

அம்பை அரிசிக்கடை:

இருவருக்கும் மிக்க நன்றி. சொன்னபடியே அனைத்தையும் நீக்கிவிட்டு, தனிக் கோப்புறையில் நிறுவினேன். டிஎல்எல் பிழை இல்லை. மார்க்கெட் வாட்ச் நிலையாக இருக்கிறது. ஆனால் கான்ட்ராக்ட் கோப்பு இறங்குவதும், விலை ஓடுவதும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மட்டுமே நடக்கின்றன. கடையின் பிராட்பேண்டில் இன்னும் நிற்கிறது. விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தேன், மாற்றமில்லை.

வள்ளியூர் வணிகன்:

ஃபயர்வாலை உடனே மீண்டும் இயக்கிவிடுங்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயல்புநிலையில் வெளியே செல்லும் இணைப்புகளைத் தடுப்பதில்லை. எனவே குற்றவாளி அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. உலாவி 443 என்ற போர்ட் (இணைப்பு செல்லும் எண்ணிட்ட கதவு) வழியாகச் செல்கிறது. அதைப் பொதுவாக யாரும் அடைப்பதில்லை. டெர்மினல்கள் பல தமக்கென வேறு போர்ட்களை வைத்திருக்கின்றன. ஹாட்ஸ்பாட்டில் ஓடி பிராட்பேண்டில் ஓடவில்லை என்றாலே, மடிக்கணினி சரியாக இருக்கிறது, தடை ரவுட்டரிலோ இணைப்பு தருபவரிடமோ இருக்கிறது என்று கொள்ளலாம். தரகரின் உதவி மையத்தில் 'கனெக்ட் ஆகவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் மீண்டும் நிறுவச் சொல்வார்கள். சர்வரின் ஐபி முகவரி, போர்ட் எண் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். பவர்ஷெல்லில் 'டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன்' கட்டளையில் அவற்றைக் கொடுத்தால், அந்தக் கதவு திறந்திருக்கிறதா என்று நொடிகளில் தெரிந்துவிடும். மூடியிருக்கிறது என்று வந்தால், அந்த எண்ணோடு இணைப்பு தருபவரிடம் பேசுங்கள். அவர் மறுக்க முடியாத ஆதாரம் அது.

இந்தச் சோதனைகளைச் சந்தை நடக்கும் 9.15 முதல் 3.30 வரையிலான நேரத்தில், கையில் பொசிஷனை (முடிக்காத வணிகத்தை) வைத்துக்கொண்டு செய்ய வேண்டாம். அதுவரை கைப்பேசிச் செயலியிலேயே வணிகம் செய்யுங்கள். தொலைபேசியில் ஆர்டர் வாங்கும் தரகரின் டீலிங் டெஸ்க் எண்ணையும் மேசையில் எழுதி ஒட்டி வையுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் கண் சிமிட்டும்போது மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரவுட்டர் மட்டும் அணைந்துவிடும். சரியாக அந்த நொடியில் அனுப்பிய ஆர்டர் போய்ச் சேர்ந்ததா என்பது திரையில் தெரியாது. இணைப்பு திரும்பியதும் ஆர்டர் புக்கைப் பார்க்காமல் மீண்டும் எஃப்1 (வாங்கும் ஆர்டருக்கான விசை) அழுத்தினால் இரட்டை ஆர்டர் ஆகிவிடக்கூடும். ரவுட்டருக்கென்று ஒரு சிறிய யுபிஎஸ் வாங்குவதை, புதிய மென்பொருளுக்குச் செலவழிப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

அம்பை அரிசிக்கடை:

சோதனை செய்துவிட்டேன். பிராட்பேண்டில் போர்ட் மூடியிருப்பதாகவும், ஹாட்ஸ்பாட்டில் திறந்திருப்பதாகவும் காட்டுகிறது. இணைப்பு தருபவரிடம் எண்ணைக் கொடுத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். அவர்கள் திறந்துவிடும் வரை ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டிக்கொள்கிறேன்.