மோட்டார் போட்டதும் பேட்டரி கட் ஆகிறது

மேலூர்க்காரர்:
வீட்டில் 16 செல் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி, 51.2 வோல்ட். சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தும், தண்ணீர் மோட்டார் போட்டால் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் போர்டு) கட் ஆகிறது. அதில் ஏழாவது செல் மட்டும் 2.5 வோல்ட்டுக்கு இறங்கி, நிறுத்தியதும் 3.28 காட்டுகிறது. விற்றவர் பேக்கையே மாற்றச் சொல்கிறார். என்ன செய்யலாம் அண்ணே?

திருமங்கலம் மெக்கானிக்:
மாற்றாதீங்க தம்பி, நல்ல செல்லைத் தூக்கிப் போடுவது பாவம். லோடு ஓடும்போது மீட்டர் முனையை பஸ்பாரில் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) வைக்காமல் செல் டெர்மினலிலேயே வைத்துப் பாருங்க. அங்கே 3.2 நின்றால் செல் நல்லது, கோளாறு இணைப்பில்தான். மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கை வையுங்க.

மேலூர்க்காரர்:
டெர்மினலில் 3.19 அண்ணே. பஸ்பார் கொதிக்கிறது, அடியில் கறுப்பு படிந்திருக்கு.

திருமங்கலம் மெக்கானிக்:
அதேதான். பிரேக்கரை இறக்கி, இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்துத் துடைச்சு மாட்டுங்க. டார்க் ஸ்பேனர் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவுவது) கட்டாயம். டெர்மினலில் இருப்பது அலுமினிய மரை, அதிகம் முறுக்கினால் வழுக்கிடும். அப்புறம் மற்ற 15 செல்லையும் பாருங்க.