செவெரஸ் தங்கக் காசில் அந்த இரண்டு பையன்கள் யார்?

வைகைக்கரை:
ரோமானியத் தங்கக் காசு ஒன்றின் படம் பார்த்தேன். முன்பக்கம் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ். பின்பக்கம் நடுவில் ஒரு பெண் நேராக நம்மைப் பார்க்கிறாள். இரு பக்கமும் இரண்டு பையன்கள். ஒருவன் தலையில் இலை மாலை, இன்னொருவன் வெறுந்தலை. ஏன் இந்த வித்தியாசம்?

பழங்காசு:
எனக்கு மிகவும் பிடித்த காசு இது. 202இல் அச்சடித்த ஔரியஸ், அதாவது ரோமத் தங்கக் காசு. நடுவில் இருப்பவள் சிரியாவின் எமெசாவில் பிறந்த ராணி யூலியா டொம்னா, செவெரஸின் மனைவி. அந்தக் காலத்து ரோமக் காசில் முகத்தைப் பக்கவாட்டில்தான் செதுக்குவார்கள். இப்படி நேர்முகம் அபூர்வம். மாலை போட்டவன் மூத்தவன் கரகல்லா. அவனுக்கு 198லேயே அகஸ்டஸ் பட்டம், அதாவது அப்பாவோடு இணைப் பேரரசர் பட்டம் கிடைத்துவிட்டது, மாலை அதற்கு அடையாளம். இளையவன் கெட்டா அப்போது வெறும் சீசர்தான், அதாவது ஒரு படி கீழே உள்ள இளவரசன், அதனால் வெறுந்தலை. இருவருக்கும் ஒரு வயதுகூட வித்தியாசம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்!

சுற்றிலும் 'ஃபெலிசிடாஸ் சைகுலி' என்று இருக்கும், இந்தக் காலத்தின் நற்பேறு என்று. செவெரஸ் உள்நாட்டுப் போரில் போட்டியாளர்கள் நைஜரையும் அல்பினஸையும் ஒழித்து அரியணையைப் பிடித்தவர். எனக்குப் பின் வாரிசுச் சண்டை வராது, இதோ என் பிள்ளைகள் என்று ஊருக்கே சொல்லும் காசு இது.

வைகைக்கரை:
ஆனால் கரகல்லா தம்பியைக் கொன்றுவிட்டானே? கெட்டா முகம் இருந்த காசு எப்படித் தப்பியது?

பழங்காசு:
ஆமாம். 211 பிப்ரவரியில் அப்பா செவெரஸ் பிரிட்டனின் யார்க்கில் இறந்தார். டிசம்பரில் தாயின் மடியிலேயே கெட்டாவை வெட்டினார்கள். அழக்கூட அவளை விடவில்லை என்று அக்கால செனட்டர் டியோ எழுதுகிறார். கெட்டா முகம் பதித்த காசுகளைக் கரகல்லா உருக்கியதாகவும் அவரே சொல்கிறார். அதற்குள் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. நாடெங்கும் கைமாறிப் போன தங்கத்தையும், மண்ணில் புதைத்து வைத்ததையும் எப்படித் திரும்பப் பிடுங்குவது? ஸ்ட்ராடோனிகேயா மாதிரி கிழக்கத்திய ஊர்களில் வெண்கலக் காசில் கெட்டாவை மட்டும் உளியால் கொத்தியிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

கல்லெழுத்து:
பெர்லினில் இருக்கும் செவெரஸ் குடும்ப ஓவியப் பலகையிலும் கெட்டா முகத்தைச் சுரண்டிவிட்டார்கள். ரோமுக்குப் போகிறவர்கள் ஃபோரம் என்ற பழைய சதுக்கத்தில் செவெரஸ் வெற்றி வளைவில் உள்ள கல்வெட்டின் நான்காவது வரியை அண்ணாந்து பாருங்கள். கெட்டா பெயரை எடுத்துவிட்டு அப்பாவுக்கும் அண்ணனுக்கும் புகழ்மொழி வெட்டியிருக்கிறார்கள். பழைய வெண்கல எழுத்துகளைப் பொருத்திய துளைகள் அடியில் இன்னும் தெரிகின்றன. அவற்றை வைத்துத்தான் பழைய வரியையே படித்தெடுத்தார்கள்.