புதுப்பிப்பு: ஃபுட்பால்ல ரெண்டு பக்க பேக்கும் ஒண்ணா ஏறுற பிரச்சினை

போன மாசம் புலம்பியிருந்தேன்: எங்க ஃபுட்பால் டீம்ல 4-3-3ல (பின்னாடி நாலு, நடுவுல மூணு, முன்னாடி மூணு பேரு) ஆடுறோம், ரெண்டு பக்க பேக்கும், அதாவது வலது, இடது ஓரத்துல தடுக்கிறவங்க, சேர்ந்தே ஏறிருதாங்க, பந்து பறிபோனா பின்னாடி ரெண்டே பேரு, ஒரே மேட்ச்ல நாலு கோல் வாங்கிட்டோம்னு. "ஒருத்தன் ஏறினா மத்தவன் நிக்கணும்"னு ஒரு அண்ணாச்சி சொன்னாங்க. அதையே பிடிச்சுக்கிட்டோம்.

பாளையங்கோட்டைல ரெண்டு வாரம் சாயங்காலம் இது ஒண்ணுதான் பயிற்சி. வலது பேக் ஏறினா இடது பேக் உள்ள நகர்ந்து நடுவுல தடுக்கிற ரெண்டு சென்டர் பேக்குகளோட மூணாவது ஆளா நிப்பான். டிஃபென்சிவ் மிட், அதாவது நடுக்களத்துல தடுக்கிற ஆளு, அவங்களுக்கு முன்னால. எங்க இடது பேக் ஓட்டத்துல உயிரா இருக்கிற பையன், மூஞ்சியே வாடிட்டு. "நீ நின்னாத்தாம்ல அவன் ஓட முடியும்"னேன்.

1982 உலகக் கோப்பை பிரேசில், இத்தாலி மேட்சையும் போட்டுக் காட்டினேன். பிரேசிலுக்கு டிரா போதும். 2-2 ஆன பிறகும் ஏறித்தான் ஆடினாங்க. இத்தாலியோட ரோஸ்ஸி மூணாவதையும் போட்டு 3-2ன்னு முடிச்சு வச்சாரு. பயலுவ மூச்சே விடல.

ஞாயித்துக்கிழமை 1-0ல இருக்கோம். நம்ம கார்னர் வெளிய தெறிச்சு, ஓரமா ஏறி ஆடுற அவங்க விங்கர் புழுதி பறக்க வாரான். எப்பவும் காலியா கிடக்கிற அந்த இடத்துல நம்ம இடது பேக்! நிதானமா கால நீட்டிப் பந்தை எடுத்தான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

கோல் வாங்குறது குறைஞ்சிருக்கு. ஆனா இடது பக்கத்துல இருந்து கோலுக்கு முன்னால பந்தை அடிச்சுக் குடுக்கிற கிராஸ் வாரதே இல்ல. அடுத்த வாரம் அந்தப் பக்க மிட்ஃபீல்டரை அகலமா நிறுத்திப் பாக்கப் போறோம்.