குறுந்தொகை வாசிப்பு: என் குறிப்பெல்லாம் பொழிப்புரையாகவே வருகிறது, அனுபவக் கட்டுரை எப்படி எழுதுவது?

கேள்வி: முதலாண்டு_இயற்பியல்

வணக்கம். பகுதி ஒன்று தமிழுக்காக ஒரு மாதம் ஏதாவது ஒரு நூலை வாசித்து, முடிவில் நான்கு பக்கத்தில் 'என் வாசிப்பு அனுபவம்' எழுதித் தர வேண்டும். குறுந்தொகையை எடுத்திருக்கிறேன். நாளைக்கு 14 பாட்டு வாசித்தால் 401 பாட்டும் 29 நாளில் முடியும் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது நாளில் 126 பாட்டு முடிந்தது. நோட்டைப் புரட்டினால் எல்லாப் பக்கத்திலும் 'தலைவி வருந்துகிறாள், தோழி தேற்றுகிறாள்' என்றுதான் இருக்கிறது. எந்தக் குறிப்பு எந்தப் பாட்டுக்கு என்றே தெரியவில்லை.

இன்னும் 21 நாள் இருக்கிறது. இதே வேகத்தில் போகலாமா? மூலத்தை முதலில் படிக்க வேண்டுமா, உரையையா? 'அனுபவம்' என்று எதை எழுத வேண்டும்?

பதில் 1: ஏர்முனை

வேகத்தைக் குறையுங்கள். நாளைக்கு மூன்று பாட்டு போதும். 21 நாளில் 63 பாட்டு வரும், நான்கு பக்கக் கட்டுரைக்கு அதுவே ஏராளம். நாலு முதல் எட்டு அடிதானே என்று இந்தப் பாட்டுகளை எடை போடக் கூடாது. பல பாட்டுகளில் அத்தனை அடியும் சேர்ந்து ஒரே வாக்கியம். அதை அவிழ்க்கப் பாட்டுக்கு 20 நிமிடமாவது ஆகும்.

சந்தி பிரித்து அச்சிட்ட பதிப்பை எடுத்து, உரையையும் பாட்டின் தலைப்பில் இருக்கும் கூற்றையும் (யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்ற குறிப்பு) ஒரு தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். பிறகு வினைமுற்றைத் தேடுங்கள், பெரும்பாலும் கடைசி அடியிலோ அதற்குப் பக்கத்திலோ இருக்கும். அது கிடைத்ததும் யார், யாரிடம், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஊகித்து, நோட்டின் இடது பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். அதற்குப் பிறகு தாளை எடுத்து உரையைப் படித்துவிட்டு வலது பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம் தப்பாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். நீங்கள் கேட்ட 'அனுபவம்' அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் இருக்கிறது. உரையை முதலில் படித்தால் இடது பக்கமே உருவாகாது. உங்கள் குறிப்பெல்லாம் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

25ஆம் பாட்டைப் பாருங்கள், கபிலர் பாடியது. 'யாரும் இல்லை, தானே கள்வன்' என்று தொடங்கி, 'குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே' என்று முடிகிறது. முதல் வாசிப்பில் 'சாட்சியே இல்லை, ஒரு கொக்கு மட்டும் இருந்தது' என்று எழுதுவோம். இரண்டாவது வாசிப்பில், அந்தக் குருகு 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்' குருகு என்பது கண்ணில் படும். ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கிறது. அது இவர்களைப் பார்க்கவே இல்லை! இருந்த ஒரு சாட்சியும் தன் இரைமேல் கண்ணாக இருந்தது. அவளுடைய நிராதரவு முழுக்க 'ஆரல் பார்க்கும்' என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. இது எத்தனையாவது வாசிப்பில் பிடிபட்டது என்பதையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

பதில் 2: சொல்வழி

இடது பக்கம் தப்பாக வருவதற்குப் பாதிக் காரணம், தெரிந்த சொல் என்று நினைத்துத் தாண்டிப் போவதுதான். தெரியாத சொல்லை அகராதியில் பார்த்துவிடுவோம். தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்.

167ஆம் பாட்டில், கூடலூர் கிழார் பாடியதில், இது அடுத்தடுத்து வரும். 'கலிங்கம்' நாடு இல்லை, உடுத்தும் ஆடை. 'தீம்புளிப் பாகர்' என்பதில் பாகர் யானைப்பாகர் இல்லை, குழம்பு. அந்தப் பாட்டின் கூற்றில் 'கடிநகர்' என்று வரும். நகர் என்றால் அங்கே வீடு, கடிநகர் மணமனை. இவ்வளவும் தெரிந்த பிறகு படித்துப் பாருங்கள். முற்றிய தயிரைப் பிசைந்த மெல்விரல், கழுவ வேண்டிய சேலையைக் கழுவாமலே உடுத்திய அவசரம், தாளிப்புப் புகை ஏறிய கண், தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. அவன் 'இனிது' என்று சாப்பிடுகிறான், அவள் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று'. அந்த 'நுண்ணிதின்' என்ற சொல்லுக்காகவே இந்தப் பாட்டைக் கட்டுரையில் சேருங்கள். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, மகிழ்ச்சி முகத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஓடுகிறது.

கழாஅது, உடீஇ போன்ற அளபெடையில் தடுமாற வேண்டாம். நெடிலுக்குப் பின்னால் வரும் உயிரெழுத்து, அந்த நெடிலை நீட்டிச் சொல்வதற்கான குறி. அகராதியில் தேடும்போது அதை நீக்கிவிட்டு, விகுதியையும் களைந்து, 'கழுவு', 'உடு' என்று தேடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. அம்ம, மாதோ, மன்ற போன்றவை வந்தால் முதல் வாசிப்பில் பொருள் தேடி நிற்காமல் போய்விடுங்கள்.

பதில் 3: கூற்றுக்காரன்

ஏர்முனை சொன்ன இரண்டு பக்க முறை சரி. ஆனால் கூற்றை மறைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில பாட்டுகளில் கூற்று இல்லாமல் பாதி பாட்டுதான் கிடைக்கும்.

மூன்றாம் பாட்டில் 'நிலத்தினும் பெரிதே' என்று தலைவி தன் நட்பின் அளவைச் சொல்கிறாள். தனியாகப் படித்தால் வெறும் பெருமிதம். கூற்றைப் பாருங்கள்: தலைவன் சிறைப்புறமாக, அதாவது வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்க, தோழி அவனைப் பழித்தபோது சொன்னது. அப்படியென்றால் தோழி பழிப்பதும் இவள் விட்டுக்கொடுக்காமல் பேசுவதும் அவன் காதில் விழ வேண்டும், அவன் சீக்கிரம் மணம் பேசி வர வேண்டும் என்பதற்காக. முழுக் காட்சியும் மாறிவிடுகிறது. ஆகவே ஊகம் எழுதிய கையோடு கூற்றைப் படித்துவிட்டு, உரைக்குப் போகும்முன் பாட்டை இன்னொரு முறை படியுங்கள்.

கூற்றிலும் ஏமாற்றும் சொற்கள் உண்டு. 'வரைவு' என்றால் திருமணம். 'வற்புறுத்தியது' என்றால் கட்டாயப்படுத்தியது இல்லை, மனம் தளராதபடி தேற்றி உறுதி சொன்னது. இதைத் தப்பாக எடுத்தால் தோழி கொடுமைக்காரி ஆகிவிடுவாள்.

முதலாண்டு_இயற்பியல்

மூவருக்கும் நன்றி. இன்று 41ஆம் பாட்டில் செய்து பார்த்தேன். இடது பக்கத்தில் 'முற்றத்தில் அணில் விளையாடுகிறது, சந்தோஷமான வீடு' என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் 'மக்கள் போகிய' என்று இருப்பதை உரை பார்த்த பிறகுதான் கவனித்தேன். ஆள் இல்லாததால்தான் அணில் அங்கே வந்து ஆடுகிறது. இப்படிப்பட்ட தப்பைக் கட்டுரையில் எழுதலாமா? மதிப்பெண் குறையாதா?

பதில் 4: ஏர்முனை

தாராளமாக எழுதுங்கள். உங்கள் கட்டுரையின் முதல் பத்தியே இதுதான். 'எட்டுத்தொகை நூல்களுள் ஒன்று, 205 புலவர்கள் பாடியது' என்று தொடங்கினால் அரைப் பக்கம் வீணாகும். அது திருத்துகிறவருக்குத் தெரிந்த செய்தி.

நான்கு பக்கத்துக்கு நான்கு பாட்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதலில் என்ன நினைத்தீர்கள், எந்தச் சொல் அதை மாற்றியது, இப்போது எப்படிப் படிக்கிறீர்கள் என்பது வரட்டும். அடிகளை மேற்கோள் காட்டும்போது பாட்டு எண்ணும் புலவர் பெயரும் கொடுங்கள். பாடவேறுபாடு உண்டு என்பதால் எந்தப் பதிப்பு என்றும் சொல்லிவிடுங்கள். உ.வே.சா.வின் 1937 பதிப்பு கையில் இருந்தால் விசேடவுரையை, அதாவது பொழிப்புரைக்குப் பிறகு அவர் தரும் சிறப்புக் குறிப்புகளை, தவறவிடாதீர்கள்.

63 பாட்டை வரிசை எண்படி எடுக்க வேண்டியதில்லை. தாம் பாடிய தொடராலேயே பெயர் பெற்ற புலவர்களிலிருந்து தொடங்குங்கள். அணிலாடு முன்றிலாரை (41) படித்துவிட்டீர்கள். அடுத்து செம்புலப்பெயனீரார் (40), மீனெறி தூண்டிலார் (54), விட்ட குதிரையார் (74), ஓரேருழவனார் (131), குப்பைக் கோழியார் (305). எந்த உவமையில் நின்று படிக்க வேண்டும் என்பதைப் புலவர் பெயரே காட்டிவிடும்.

இயற்பியல் படிப்பவர் என்பதால் 54, 74 இரண்டையும் ஒரே நாளில் படியுங்கள். இரண்டிலும் வளைந்த மூங்கில் விடுபட்டு மேலே எழுகிறது. 54இல் கவண் ஒலிக்கு வெருண்ட யானை கைவிட்ட மூங்கில், மீன் பிடித்து இழுத்த தூண்டில்போல் எழுகிறது. 74இல் அதே மூங்கில் அவிழ்த்துவிட்ட குதிரைபோல் துள்ளுகிறது. முதல் பாட்டில் தலைவி தன் நலனை இழந்து நிற்கிறாள். இரண்டாவதில் தோழி, அவனும் அவளை நினைத்து வேனிற்கால எருதுபோல் மெலிந்துவிட்டான் என்கிறாள். ஒரே மூங்கிலுக்கு ஏன் இரண்டு உவமை என்று உரையைத் திறக்காமல் இடது பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கிடைத்ததை இங்கேயும் போடுங்கள்.