புதுப்பிப்பு: டாக்பேக் போனில் சார்ஜ் இப்போது சாயங்காலம் வரை நிற்கிறது (கோத்தகிரி)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் வசதி) போட்ட ஆண்ட்ராய்டு போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது, பார்வையில்லாத எனக்குத் திரை வெளிச்சம் எதற்கு என்று கேட்டிருந்தேன்.

திரையை மறைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. மூன்று விரலால் ஒரு தட்டு தட்டினால் டாக்பேக் மெனு வரும். அதிலேயே அந்த வசதி இருக்கிறது. திரை இருண்டுவிடும், குரல் நிற்காது. வெளிச்சத்தையும் அடியோடு குறைத்துவிட்டேன். ஐபோன்காரர்கள், அதே மாதிரி படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று தட்டு தட்டினால் போதும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் நம் மெசேஜைப் படிக்க முடியாது என்பது பெரிய நிம்மதி.

எதிர்பாராதது சிக்னல். மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் டவர் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். போன் தேடித் தேடியே சார்ஜைத் தின்கிறது. அங்கே ஏரோபிளேன் மோடு போடுகிறேன். தமிழ்க் குரலை முன்பே இறக்கி வைத்திருப்பதால் நெட் இல்லாமலும் பேசுகிறது. அழைப்பு வராது, அதனால் வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

அப்புறம், குளிர். ஜனவரி விடியற்காலையில் சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே போன் அணைந்தது. ஸ்வெட்டருக்குள் உடல் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்ததும் மறுபடி உயிர் வந்தது. லித்தியம் பேட்டரி குளிரில் மந்தமாகும் என்று ஒரு அக்கா எழுதியது சரிதான். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், அதிக சூடு பேட்டரியைக் கெடுத்துவிடும்.