'இஃப்' போட்டு மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

நைட் ஷிஃப்ட்காரன்:

வணக்கம் மக்களே. போன வாரம் ஒரே ஒரு சின்ன வார்த்தையால ராத்திரி ரெண்டரை மணிக்கு மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். இன்னும் மனசு ஆறல, அதான் இங்க கொட்டுறேன்.

சென்னையில ஒரு சாஃப்ட்வேர் சப்போர்ட் டீம்ல இருக்கேன். கிளையன்ட் இங்கிலாந்து. அன்னைக்கு மெயின்டனன்ஸ் வேலைக்காக சர்வரை நாங்களேதான் இறக்கி வச்சிருந்தோம். ஒரு மணி நேர வேலை, எல்லாம் சொன்னபடி போய்ட்டு இருந்துச்சு. நடுவுல நிலவரம் என்னன்னு கேட்டாங்க. நானும் பணிவா ஒரு மெயில் தட்டினேன்: "இஃப் தி சர்வர் கம்ஸ் அப், வி வில் இன்ஃபார்ம் யூ." சர்வர் வந்தா சொல்றோம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

அஞ்சு நிமிஷத்துல அந்தப் பக்கம் மூணு பேர் கால்ல வந்துட்டாங்க. "வாட் டு யூ மீன், இஃப்?" வராமலே போயிடுமா, டேட்டா போச்சா, பேக்கப் எங்க இருக்குன்னு ஒரே களேபரம். தூங்கிட்டு இருந்த மேனேஜரை எழுப்பி லைன்ல போட்டாங்க. சர்வர் என்னவோ குறிச்ச நேரத்துக்கு ஜம்முனு வந்துடுச்சு. ஏச்சு வாங்கினது நான் மட்டும்தான்.

மறுநாள் உக்காந்து யோசிச்சேன். "பஸ் வந்தா ஏறிக்கோ"ன்னு அம்மா சொல்லும்போது பஸ் வருமா வராதான்னு அவங்களுக்கு சந்தேகமா என்ன? "அப்பா வந்தா சாப்பிடலாம்"னா அப்பா இன்னைக்கு வீடு திரும்புறதே உறுதி இல்லைன்னா அர்த்தம்? நம்ம 'வந்தா'வுக்குள்ள 'வந்ததும்' ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. வெள்ளைக்காரன் அதுக்குத் தனியா 'வென்' வச்சிருக்கான். அவன் 'இஃப்'னா வராமலும் போகலாம்னுதான் காதுல விழும்.

நான் மட்டும்தான் இப்படியா, இல்ல துணைக்கு ஆள் இருக்கா?

நாஞ்சில் நர்ஸ்:

இருக்கேன் தம்பி. நீங்க 'இஃப்' போட்டு மாட்டுனீங்க, நான் 'வென்' போட்டு மாட்டினேன்.

வெளிநாட்டு வேலைக்காக ஓஇடி பரீட்சைக்கு, அதான் மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிச்ச நேரம். அதுல பேச்சுத் தேர்வுன்னா ரெண்டு ரோல் பிளே. நாம நர்ஸ், எதிர்ல இருக்கிறவங்க நோயாளியா நடிப்பாங்க. கோச்சிங்ல எனக்கு வந்தது, குடலிறக்க ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போறவருக்கு அறிவுரை சொல்றது. காயத்தை எப்படிச் சுத்தமா வைக்கணும், பாரம் தூக்கக் கூடாது, எல்லாம் வரிசையா சொன்னேன். கடைசியா, "வென் யுவர் வூண்ட் கெட்ஸ் இன்ஃபெக்டட், கம் டு தி ஹாஸ்பிடல் இமீடியட்லி"ன்னு முடிச்சேன். புண்ணு சீழ் பிடிச்சா உடனே வாங்கன்னு சொன்னதா எனக்கு நினைப்பு.

நோயாளியா உக்காந்திருந்த ட்ரெய்னர் மேடம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஸோ இட் வில் கெட் இன்ஃபெக்டட்?" அப்போ சீழ் பிடிக்கிறது உறுதிதானான்னு கேக்காங்க. ஆபரேஷன் முடிஞ்ச மனுஷன்கிட்ட நாள் குறிச்சுச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. நடிப்புங்கிறதால பிழைச்சேன், நெசமான நோயாளியா இருந்தா அன்னைக்கே பெட்டை விட்டு இறங்கியிருக்க மாட்டாரு.

வார்டுல எழுதி வைக்கிற ஆர்டர்ல எனக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. "இஃப் ஃபீவர் இஸ் அபவ் 101, கிவ் பாராசிட்டமால்." அதுல வில்லும் கிடையாது, வுட்டும் கிடையாது. காய்ச்சல் ஏறினா மாத்திரை, முடிஞ்சுது. ஆளைப் பார்த்துப் பேசும்போதுதான் வாய் குழறுது.

மூணு தடவை மெயின்ஸ்:

இப்போ என் முறை. பேங்க் ஆபீசர் இன்டர்வியூ. போர்டுல அஞ்சு பேர். நடுவுல இருந்தவர் கேட்டார், "இஃப் யூ வேர் தி மேனேஜர் ஆஃப் திஸ் பிராஞ்ச், வாட் வுட் யூ டூ ஃபர்ஸ்ட்?" நான் ரொம்ப உஷாரா, கண்ணைப் பார்த்து, "ஐ வில் சேஞ்ச் தி ஸ்டாஃப்"னு ஆரம்பிச்சேன்.

அவர் பக்கத்துல இருந்தவங்களைத் திரும்பிப் பார்த்துட்டு, "ஹி ஹேஸ் ஆல்ரெடி டேக்கன் சார்ஜ்"னார். ஏற்கெனவே பொறுப்பு ஏத்துட்டாராம்! அஞ்சு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், எதுக்குன்னு தெரியாமலே. வெளியே வந்து ரெண்டு நாள் கழிச்சு ஒரு நண்பன் சொல்லித்தான் புரிஞ்சுது, கேள்வியே 'வுட்'ல வந்திருக்கு, நான் 'வில்'லைத் தூக்கிட்டு நின்னிருக்கேன்.

வேலை கிடைக்கலை. அதுக்கு வில் மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், ரெப்போ ரேட் கேட்டதுக்கும் முழிச்சேன்.

ஓய்வு வாத்தியார்:

தம்பி சொன்னதைப் படித்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சி. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன் நான். இந்த 'இஃப்' பாடத்தைக் கரும்பலகையில் மூன்று வரியில் முடித்துவிடுவேன். பிரசன்ட் வந்தால் வில், பாஸ்ட் வந்தால் வுட், ஹேட் வந்தால் வுட் ஹேவ். "யூ டிட் நாட் ஒர்க் ஹார்ட், யூ ஃபெயில்ட்" என்று கேள்வி வரும். "இஃப் யூ ஹேட் ஒர்க்ட் ஹார்ட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்" என்று பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி எழுதுவார்கள். மார்க் விழும். அதே பையனை வராந்தாவில் நிறுத்தி, நீ கலெக்டரானால் என்ன செய்வாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் வாய் திறக்காது.

ஒரு பையன் மட்டும் ஒருநாள் எழுந்து கேட்டான்: "சார், லாட்டரி விழப்போறது நாளைக்குத்தானே, அதுக்கு எதுக்கு சார் பாஸ்ட் டென்ஸ்?" புத்தகத்தில் உதாரணம் "இஃப் ஐ வொன் தி லாட்டரி". நான் சொன்ன பதில், "ரூல் அப்படி, உட்கார்."

பதில் எனக்குக் கிடைத்தது ஓய்வு பெற்ற பிறகு, பேத்திக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கும்போது. 'வந்தால்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். வந்த் என்ற பகுதியோடு ஆல். அந்த 'வந்த்' எங்கிருந்து வருகிறது? வந்தான், வந்தாள் என்ற இறந்தகாலத்திலிருந்து. 'வருகிறால்' என்று யாராவது சொல்கிறோமா, 'வருவால்' என்கிறோமா? படித்தால், போனால், கேட்டால், எல்லாமே அப்படித்தான். நாளைக்கு மழை 'பெய்தால்' என்று நாம் தினமும் எதிர்காலத்துக்கு இறந்தகால உருவைத்தான் போடுகிறோம். பழைய 'செயின்' என்ற வாய்பாட்டை நன்னூல் எதிர்கால வினையெச்சத்தில்தான் சேர்த்திருக்கிறது. அந்த இடத்தில் இன்று நாம் புழங்குகிற 'செய்தால்', பொருளில் எதிர்காலம், உருவில் இறந்தகாலம். வெள்ளைக்காரன் செய்வது ஒன்றும் வினோதமில்லை என்று அந்தப் பையனிடம் ஒரே நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்போது பாடம் நடத்தச் சொன்னால் மூன்று வரிக்குப் பதில் ஒரு லாட்டரிச் சீட்டை எடுத்துக்கொள்வேன். சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது, குலுக்கல் நாளைக்கு. அவன் "இஃப் ஐ வின், ஐ வில் பில்ட் எ ஹவுஸ்" என்பான். விழ வாய்ப்பு இருக்கிறது அல்லவா! சீட்டே வாங்காமல் திண்ணையில் படுத்துக் கனவு காண்கிறவன் "இஃப் ஐ வொன், ஐ வுட் பில்ட் எ ஹவுஸ்" என்பான். குலுக்கல் முடிந்து, ஒரே எண்ணில் தவறவிட்டு, பேப்பரையே வெறித்துப் பார்க்கிறவன் "இஃப் ஐ ஹேட் வொன், ஐ வுட் ஹேவ் பில்ட் எ ஹவுஸ்." வினைச்சொல் ஒவ்வொரு படி பின்னால் போகப் போக, வீடும் ஒவ்வொரு படி தள்ளிப் போகிறது.

தமிழில் சீட்டு வைத்திருப்பவனும் சரி, திண்ணைக்காரனும் சரி, "விழுந்தால் வீடு கட்டுவேன்" என்றுதான் சொல்வான். கேட்கிறவர் ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மூன்றாமவனுக்கு மட்டும் "விழுந்திருந்தால் கட்டியிருப்பேன்" என்று தனி உரு உண்டு. அதனால்தான் நம் பிள்ளைகளுக்கு மூன்றாவது வகை சுலபமாக வருகிறது, முதல் இரண்டும் குழம்புகிறது. இன்டர்வியூவுக்குப் போன தம்பியிடம் கேட்டது திண்ணைக் கேள்வி, அவர் சீட்டை நீட்டிவிட்டார்.

தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து நாம் எல்லோருமே இரண்டாம் வகைதான் என்பது வேறு விஷயம்.

வடமராட்சியான், டொரோண்டோ:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். மூண்டாவது சுகமாய் வரும் எண்டு சொல்லுறியள், எனக்கு அதிலைதான் அடி விழுந்தது. ஊரிலை படிக்கேக்கை நான் எழுதினது "இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்." எங்கட மிஸ் அடிமட்டத்தாலை விரல் மொளியிலை போட்டவா. யோசிச்சுப் பாருங்கோ, "அறிஞ்சிருந்தால் வந்திருப்பன்" எண்டு தமிழிலை ரெண்டு பக்கமும் 'இரு' நிக்குது. இங்கிலீசிலையும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்கத்தானே கை போகும்? முதல் பக்கத்துக்கு 'ஹேட்' மட்டும்தான் எண்டு அண்டைக்கு விரல் வீங்கிப் படிச்சனான்.

இப்ப என்ர மகள் இஞ்சை பிறந்து வளந்தவள், தமிழ் அரைகுறை. அவள் சிநேகிதியோடை ஃபோனிலை கதைக்கிறாள், "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" எண்டு! பிள்ளை, அது பிழை எண்டன். "அப்பா, எவ்ரிபடி சேஸ் இட்" எண்டாள். வேலையிலை காது குடுத்துக் கேட்டன், உண்மைதான், இஞ்சத்தையச் சனம் கனபேர் அப்பிடித்தான் கதைக்கினம். 'ஐ ஹேட்', 'ஐ வுட்' ரெண்டையும் சுருக்கினால் 'ஐட்' எண்டு ஒரே சத்தம்தானே, காதிலை எது விழுந்ததோ அதை விரிச்சுச் சொல்லுறது. ஆனால் பள்ளிக்கூடக் கட்டுரையிலை எழுதினவளுக்கு ரீச்சர் சிவப்புப் பேனையாலை கோடு போட்டுத் திருப்பிக் குடுத்தவா. நான் தமிழாலை விட்ட பிழையை அவள் இங்கிலீசாலை விடுறாள். அடிதான் இல்லை.

பி பிளாக் செகரெட்டரி:

சிரிக்காதீங்க, எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். "அன்லெஸ் மெயின்டனன்ஸ் இஸ் நாட் பெய்டு பிஃபோர் தி டென்த், வாட்டர் வில் பி கட்." பத்தாம் தேதிக்குள்ள கட்டலைன்னா தண்ணி கட். தெளிவாத்தானே இருக்குன்னு நினைச்சேன்.

மூணாவது மாடியில ஒரு சார், ரிட்டயர்டு ஆடிட்டர். பத்தாம் தேதி ஆச்சு, பதினஞ்சு ஆச்சு, பணம் வரலை. போய்க் கேட்டா கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொல்றார், "நோட்டீஸை நீங்களே படிச்சுப் பாருங்க. 'அன்லெஸ்'னாலே இல்லாவிட்டால்னு அர்த்தம். அதுக்குள்ள இன்னொரு 'நாட்' போட்டிருக்கீங்க. கட்டாம இருந்தாத்தான் தண்ணி வரும், கட்டினா கட் பண்ணிடுவேன்னு எழுதி கையெழுத்தும் போட்டிருக்கீங்க. நான் சட்டப்படி நடந்துக்கிட்டேன்." நோட்டீஸைக் கிழிச்சுட்டுத் தமிழ்லயே எழுதி ஒட்டினேன். அடுத்த நாள் காலையிலேயே கட்டிட்டார், மனுஷன்.

ஓய்வு வாத்தியார்:

செகரெட்டரி ஐயா, 'அன்லெஸ்' நமக்குப் புதிதே இல்லை. "விசும்பின் துளிவீழின் அல்லால்" என்று வள்ளுவர் எழுதியிருக்கிறாரே, அந்த 'வீழின் அல்லால்' அச்சு அசல் 'அன்லெஸ்'. துளி விழுந்தாலன்றிப் புல் தலைகாட்டாது. அங்கே 'வீழாதின் அல்லால்' என்று யாரும் எழுதவில்லை பாருங்கள். ஆனால் இன்று நாம் பேசுவது 'கட்டாவிட்டால்', 'வராவிட்டால்'. எதிர்மறை வினைக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் 'அன்லெஸ்'ஸுக்குப் பிறகும் கை ஒரு 'நாட்' தேடும். எழுதும்போது 'கட்டினாலன்றி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டால் பிழை வராது.

சும்மா வந்தேன்:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் ஒரு 'இஃப்'புக்கா? பேசினா புரிஞ்சா போதும் சார். "இஃப் ஐ வாஸ் யூ"ன்னு வெள்ளைக்காரனே சொல்றான், நாமதான் 'வேர்' 'வேர்'னு வேர்க்கிறோம்.

நாஞ்சில் நர்ஸ்:

'வாஸ்', 'வேர்' எது போட்டாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகாது தம்பி. 'சீழ் பிடிக்கும்'னு ஒருத்தர்ட்ட சொல்றதும் 'பிடிச்சா வாங்க'ன்னு சொல்றதும் அப்படி இல்ல.

நைட் ஷிஃப்ட்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் சாரோட சீட்டுக் கணக்கை பிரின்ட் எடுத்து டெஸ்க்ல ஒட்டிட்டேன்.

ஆனா கதை முடியலை. நேத்து ராத்திரி மறுபடியும் மெயின்டனன்ஸ், அதே கிளையன்ட். இந்த வாட்டி ரொம்பத் தெளிவா எழுதினேன்: "வென் தி சர்வர் கம்ஸ் அப், வி வில் இன்ஃபார்ம் யூ." அனுப்பிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா டிஸ்க் மண்டையைப் போட்டிருக்கு. விடியக்காலை ஆறு மணி வரைக்கும் சர்வர் எழுந்திருக்கலை.

காலையில அவங்ககிட்ட இருந்து ஒரே ஒரு வரி மெயில். "யூ செட் வென்."